ஒன்றாம் எண் இன்னும் மாட்டவில்லை

லிஃப்டில் மாட்டி முக்கால் மணி நேரம் வியர்த்து வெலவெலத்தவர்கள், வெளியே வந்ததும் மெக்கானிக்கின் கையைப் பிடித்து நன்றி சொல்லும் கட்டடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இருக்கிறது. அதன் பதினோராவது மாடியில் நான் இருக்கிறேன். அந்த நன்றியையெல்லாம் வாங்கிக்கொண்ட மெக்கானிக்குக்குப் பெயர் லிஃப்ட் அண்ணே.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களில் யாருக்கும் அது தெரியாது. என்னைவிடப் பத்து வயது சிறியவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். இது என்ன உறவு முறை என்று இருவருமே யோசித்ததில்லை. சாம்பல் நிறச் சட்டை, பையில் நான்கு பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, கக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. ஸ்பேனரை மறந்துவிட்டு வந்து அசடு வழிந்திருக்கிறார். நோட்டை மறந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட். இடது பக்கத்து லிஃப்ட் செத்துப் பல வருடமாகிறது. கதவில் பலகை அடித்திருக்கிறார்கள். ஆனாலும் சில மத்தியானங்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் கம்பி மெல்ல அசையும் சத்தம் கேட்கும். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை.

வலது பக்கத்து லிஃப்ட் உயிரோடு இருந்தது. அதுதான் வம்பு. ஏழாவது மாடியைத் தாண்டும்போது யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். காற்றாடி நிற்கும். விளக்கு பாதியாக இறங்கும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பெட்டி அப்படியே தொங்கும். எதிரே கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும், அந்த வெளிச்சத்தில் அது உங்களுடையதுதானா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

மஞ்சள் மணிப் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் கொரகொரவென்று இரைச்சல். அப்புறம் தகரக் குழாய்க்குள் இருந்து வருவது போல ஒரு குரல்.

"பயப்படாதீங்க. காத்து வருது. ஆள் வந்துக்கிட்டு இருக்கு. அது வரைக்கும் சொல்லுங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

நடுவானில் தொங்குகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அந்த இருட்டில் பதில் சொல்லாமல் இருக்க யாராலும் முடிந்ததில்லை. ஒன்பதாம் மாடிச் செல்வி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். "மைக்ரோஸ்கோப்ல பாத்து ஈய ஒட்டு நல்லதா கெட்டதானு சொல்லத் தெரியும்ணே" என்று விம்மிக்கொண்டே சொன்னாளாம். ஐந்தாம் மாடி டீச்சர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபமாலையை உருட்டியபடியே, குவே லாப்பிஸ் பலகாரத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டிப் பின்னக் கணக்கு சொல்லித்தரத் தெரியும் என்றார். பத்தாம் மாடி காப்புறுதி ஏஜெண்ட் ஒருவர், "எனக்கு எல்லாம் தெரியும், மொதல்ல கதவத் தெற" என்று கத்தினார். அவரை மட்டும் அண்ணே சேர்த்துக்கொள்ளவில்லை.

"எல்லாம் தெரிஞ்சவரு நமக்கு வேணாம் லா. அவரு யாருகிட்டயும் எதயும் கேக்க மாட்டாரு."

சேர்ப்பது என்றால் அண்ணேயின் குழுவில். கைப்பேசியில் 'மணி' என்று ஒரு குழு வைத்திருந்தார். மாட்டியவர்களுக்கு மட்டுமே அதில் இடம். ஒவ்வொருவருக்கும் நீல நோட்டில் ஓர் எண், எண்ணுக்கு எதிரே அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயம். வாரம் ஒரு முறை உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் குழுவில் கேட்க வேண்டும், தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாவிட்டால் அண்ணே வெளியே போய்த் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டு வருவார். காலை வணக்கப் பூப்படம் அனுப்பியவர்கள் நேரில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கேள்வி கேட்காமல் சும்மா படித்துவிட்டுப் போகிறவர்களின் வீட்டுக் கதவை வந்து தட்டுவார். "என்னக்கா, ரெண்டு வாரமா ஒரு கேள்வியும் காணோமே, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

அந்த நோட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. எண்கள் இரண்டில்தான் தொடங்கின. ஒன்றாம் எண்ணுக்கு எதிரே வெறும் கோடு. செல்வி ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஒன்னாம் நம்பர் யாருண்ணே?"

"அவரு இன்னும் மாட்டல."

சொல்லிவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு மாடிக்கும் செய்தி பரவிவிட்டது. லிஃப்ட் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆள் கிடைக்கிற வரைக்கும் மற்றவர்களைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறது. பதின்மூன்றாம் மாடியில் இருந்த கட்டடச் செயலாளர், அந்த ஆள் தான்தான் என்று முடிவு கட்டிப் படியேறத் தொடங்கினார். இரண்டே மாதத்தில் அவருடைய தொப்பை பாதியாகிவிட்டது.

பயப்படக் காரணமும் இருந்தது. குழுவில் யாருக்கு என்ன தேவையோ, அது தெரிந்த ஆளாகப் பார்த்து லிஃப்ட் பிடித்தது. செல்விக்குப் பதவி உயர்வு வந்து, புது இயந்திரத்தின் படங்களைப் படிக்கத் தெரியாமல் திண்டாடினாள். மூன்றாம் நாள் எட்டாம் மாடிக்குத் தம்பியைப் பார்க்க வந்த ஒரு ரிட்டயர்டு ஃபிட்டர் மாட்டினார். இயந்திர வரைபடம்தான் அவருக்குத் தெரிந்த விஷயம். ஒரு வீட்டில் பாட்டுப் பெட்டி கெட்டது, ரேடியோ ரிப்பேர்க்காரர் மாட்டினார். இன்னொரு வீட்டில் கைக்குழந்தை பால் குடிக்காமல் அழுதது, தாதி ஒருத்தி முக்கால் மணி நேரம் தொங்கினாள். அதன் பிறகு ஏதாவது ஒன்று தெரிந்தவர்கள் எல்லாம் படியேறத் தொடங்கினார்கள். கேஸ் அடுப்பு பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், "எனக்கு ஒன்னும் தெரியாது, ஒன்னும் தெரியாது" என்று லிஃப்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனதை நான் என் காதால் கேட்டேன்.

லிஃப்டுக்குக் காவலும் போட்டார்கள். சீனக் குடும்பம் ஒன்று கீழே கதவோரம் ஊதுபத்தியும் ஆரஞ்சும் வைத்தது. எங்கள் ஆட்கள் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். டீச்சர் மாதா படம் ஒன்றை ஒட்டினார். மூன்று மதங்களின் பாதுகாப்பும் அந்தப் பெட்டிக்கு இருந்தது. புது உதிரிப் பாகம் மட்டும்தான் இல்லை.

செயலாளர் ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அந்த மெக்கானிக்கே நிப்பாட்டுறான் லா. ஆள் புடிக்க நிப்பாட்டுறான். நீங்க நல்லா மலாய்ல எழுதுவீங்க. அவன வேலய விட்டுத் தூக்கச் சொல்லி கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடுங்க. இருவது கையெழுத்து நான் வாங்கித் தரேன்."

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் இருபத்தைந்து வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யாரிடமும் எதையும் கேட்டுக் கற்றதில்லை என்று பீற்றிக்கொள்வேன். எல்லாரும் மாட்டிய அந்த லிஃப்டில் நான் ஒரு முறைகூட மாட்டியதில்லை, அதிலும் ஒரு பெருமை. அந்தக் கடிதம் போனால் அண்ணேயின் வேலை போய்விடும் என்று தெரிந்தும் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது ஃபெரியிலேயே பாதிக் கடிதத்தை எழுதி முடித்தேன். படகுத் துறையில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. லிஃப்டில் ஏறினேன். ஐந்து, ஆறு, ஏழு. தொண்டையைச் செருமும் சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

காற்றாடி நின்றது, விளக்கு இறங்கியது. கீழே எங்கோ ஆழத்தில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகை அடித்த பக்கத்து லிஃப்டின் கம்பி சுவருக்கு அந்தப் பக்கம் மெல்ல உரசியது. அழுத்த மாட்டேன், அழுத்த மாட்டேன் என்று இரண்டு நிமிடம் வீம்பாக நின்றுவிட்டு மணியை அழுத்தினேன்.

"பயப்படாதீங்க. காத்து வருது. ஆள் வந்துக்கிட்டு இருக்கு. கையில காகிதம் வச்சிருக்கீங்களா? நடுங்குற சத்தம் கேக்குதே."

"ஒ... ஒரு கடுதாசி."

"அப்டியா. அது வரைக்கும் சொல்லுங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

"கடுதாசி எழுதத் தெரியும்."

"எந்த மாதிரி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புகார்க் கடுதாசி."

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அடடே! நம்ம குரூப்ல அது மட்டும்தான் இல்லாம இருந்துச்சு!"

அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கேயோ குக்கர் மூன்று விசில் அடித்தது. தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அது எதுவும் விளங்கவில்லை. இருபது நிமிடம் பேசிக்கொண்டே இருந்தேன். புகாரை எப்படித் தொடங்க வேண்டும், கோபத்தை எந்தப் பத்தியில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாத தொழில் ரகசியத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

கதவு நெம்பித் திறந்தது. எட்டாம் மாடித் தரை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அங்கே ஹெல்மெட்டோடு, தொப்பலாக நனைந்தபடி லிஃப்ட் அண்ணே குந்தியிருந்தார்.

"வாங்கக்கா, கையக் குடுங்க. பத்து காவான்ல இருந்து வரேன், பாலத்துல செம மழை. கீழ காவலுக்கு நிக்கிற ஜாகா சொன்னாரு ஆள் மாட்டியிருக்குனு. ரொம்ப நேரமாச்சா?"

"இவ்ளோ நேரம் உங்ககிட்டதானேண்ணே பேசிக்கிட்டு இருந்தேன்?"

"என்கிட்டயா?" சட்டைப் பையில் இருந்து கைப்பேசியை எடுத்துக் காட்டினார். திரைக்குள் தண்ணீர் ததும்பியது. "இது செத்து ரெண்டு மணி நேரம் ஆச்சே அக்கா."

"அப்ப யாரு பேசுனா?"

"யாராச்சும் பேசியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சாவியைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் மூன்று மாடி படியேறி வீட்டுக்குப் போனேன். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசி ஒலித்தது. 'மணி' குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். 'புது ஆள், எண் முப்பத்தி நாலு. புகார்க் கடிதம் எழுதத் தெரியும்.' யாரோ கேட்டிருக்கிறார்கள். அண்ணேயோ அதைக் கேட்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தேன். ஓரிடத்தில் எழுத்து நின்றுவிட்டது. கப்பல் சரக்குக்குப் புகார் எழுதுவது வேறு, ஒப்பந்தக்காரரைப் பற்றி எழுதுவது வேறு. அதன் முறை எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத் தலைக்கனத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழுவில் என் முதல் கேள்வியைப் போட்டேன். ஒரு கட்டடத்தில் ஒப்பந்த வேலை சரியில்லை என்று புகார் எழுத வேண்டும், எப்படி எழுதுவது? ஒரு தோழிக்காகக் கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. நகராண்மை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மாதிரிக் கடிதமே அனுப்பினார். செல்வி, "தோழிய படம் புடிச்சி வைக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். கடைசியில் லிஃப்ட் அண்ணேயின் குரல் வந்தது.

"அக்கா, தேதி இல்லாத புகார் நிக்காது. உங்க தோழிக்கு உதவுமேனு நம்ம லிஃப்டோட கணக்க அனுப்புறேன். எப்ப நின்னுச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, எல்லாம் இதுல இருக்கு. இந்த மாதிரி ஒன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க."

நீல நோட்டின் ஒன்பது பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவரைத் தூக்குவதற்கான கடிதத்துக்கு அவரே சாட்சி சேர்த்துக் கொடுத்திருந்தார். வெட்கத்தில் எனக்குக் காது சூடேறியது. ஆனாலும் படித்தேன்.

ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது. ஏழாம் மாடிக் கதவின் சின்ன உருளை தேய்ந்துவிட்டது, அது உரசும்போது லிஃப்ட் நிற்கிறது. அந்த உரசல்தான் தொண்டையைச் செருமும் சத்தம். பக்கத்திலேயே, 'புது உருளை கேட்டுக் கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை.' ஒவ்வொரு தேதியிலும் அதே வரி. அடுத்த பத்தி, 'நான் இருந்த இடம்.' பாதி நாட்கள் பத்து காவான், சில நாட்கள் பட்டர்வொர்த். ஒரு நாள்கூட அவர் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இல்லை.

கடைசிப் பத்தி, 'மணி எடுத்தவர்.' செல்வி. ஃபிட்டர். தாதி. நான் மாட்டிய நாளுக்கு எதிரே, 'டீச்சர்.'

அந்தக் குக்கர்! லிஃப்ட் மணி முதலில் அண்ணேயின் கைப்பேசிக்கு வரும், அவர் எடுக்காவிட்டால் குழுவில் அடுத்தவருக்குப் போகும், அவரும் எடுக்காவிட்டால் அதற்கடுத்தவருக்கு. மாட்டிய எல்லாருக்கும் அந்த நான்கு வாக்கியமும் மனப்பாடம். அந்தத் தகரக் குழாயில் ஆண் குரல் எது பெண் குரல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த இருபது நிமிடமும் அந்தக் குரல் என்னை ஒரு முறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

அண்ணேயிடம் ஒன்றை மட்டும் நேராகக் கேட்டேன். "தேவையான ஆளா பாத்து எப்டிண்ணே மாட்டுறாங்க?"

"யாரு மாட்டுனாலும் அவுங்களுக்கு ஏதோ ஒன்னு தெரியும் அக்கா. அது தேவப்படுற ஆளு நம்ம குரூப்ல ஒருத்தராச்சும் இருப்பாங்க. நான் சேத்து வைப்பேன், அவ்ளோதான்."

அன்றே கடிதத்தை மாற்றினேன். மெக்கானிக்கைத் தூக்கச் சொல்லவில்லை. இத்தனை முறை கேட்டும் ஒரு சின்ன உருளை கொடுக்காத கம்பெனியையே மாற்ற வேண்டும் என்று நகராண்மைக்கு எழுதினேன். தேதி, நேரம், படம் எல்லாம் வைத்தேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் சிறந்தது. 'மாற்ற வேண்டும்' என்ற சொல்லைப் பார்த்த செயலாளரும் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

இரண்டே மாதத்தில் கம்பெனியை மாற்றிவிட்டார்கள். புதிய கம்பெனி, புதிய லிஃப்ட். கூடவே புதிய மெக்கானிக்கும் வருகிறார் என்று அறிவிப்புப் பலகையில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனி போனால் கம்பெனியின் ஆளும் போய்விடுவார். இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது? குழுவில் முப்பத்துமூன்று பேர் இருந்தார்கள். ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். என் கையாலேயே அந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டேன். கீழே அவரைப் பார்த்ததும் என் கண் கலங்கியது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"கடுதாசி நல்லா இருந்துச்சுக்கா. கோவத்த மூணாவது பத்தியில வச்சிருந்தீங்க. சரியான எடம்" என்றார்.

பழைய லிஃப்டின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. திரையில் 'மணி.' அத்தனை நாளில் அன்றுதான் முதல் முறையாக என் முறை வந்தது. எடுத்தேன். கொரகொரவென்று இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு விடும் சத்தம். பேச்சே இல்லை.

"பயப்படாதீங்க" என்றேன். என் குரல்தான் நடுங்கியது. "காத்து வருது. ஆள் வந்துக்கிட்டு இருக்கு."

மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. சாவிக்கொத்தின் சத்தம்.

"அண்ணே?"

"நாந்தான்க்கா."

"நீங்க எப்டிண்ணே மாட்டுனீங்க?"

"நானேதான் நிப்பாட்டுனேன். நிப்பாட்டுறேன் நிப்பாட்டுறேன்னு எல்லாரும் சொன்னாங்கள்ல. போறதுக்கு முந்தி ஒரு தடவ செஞ்சு பாத்துடலாம்னு." குரல் உள்ளே போயிருந்தது. "உள்ள இவ்ளோ இருட்டா இருக்கும்னு யாருமே சொல்லலியே அக்கா."

அப்போதுதான் புரிந்தது. மாட்டியவர்களுக்கு மட்டும் இடம் உள்ள குழுவை நடத்தியவர் ஒரு நாளும் மாட்டியதில்லை. ஒன்றாம் எண் அவர்தான். எங்கள் வாசலில் இத்தனை வருடமாக அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அது வரைக்கும் சொல்லுங்கண்ணே, உங்களுக்கு என்ன தெரியும்?"

சாவிக்கொத்து இரண்டு முறை குலுங்கியது.

"யோசிச்சுப் பாத்தா எனக்கு ஒன்னும் தெரியலக்கா. யாருக்கு என்ன தெரியும்னு மட்டும்தான் தெரியும்."

குழுவில் எழுதினேன். 'புது ஆள், எண் ஒன்று. யாருக்கு என்ன தெரியும் என்று தெரியும்.'

"அக்கா," என்றது குரல், "கதவு தெறக்குற சாவி எட்டாம் மாடியில வெளிய இருக்கு. உள்ள இருந்து தெறக்க முடியாது. நான் அத யோசிக்கல."

பதினாறு மாடிகளில் இருந்தும் ஆட்கள் படியில் இறங்கியும் ஏறியும் எட்டாம் மாடிக்கு வந்தார்கள். செல்வி டார்ச் பிடித்தாள். தம்பி வீட்டுக்கு வந்திருந்த ஃபிட்டர் சாவியைப் போட்டு நெம்பினார். டீச்சர் கைப்பேசியில் அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். செயலாளர்கூட வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கட்டடத்துக்குள் எதற்குக் குடை என்று யாரும் கேட்கவில்லை. அண்ணே எங்களைத் திறந்துவிட முக்கால் மணி நேரம் எடுப்பார், நாங்கள் அவரைத் திறக்க ஒன்றேகால் மணி நேரம் எடுத்தோம். முகம் வெளிறி வெளியே வந்தவர், எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார்.

இப்போது அவர் பத்து காவானில் வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கே மாட்டுகிறவர்கள் குழுவில் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், என் வாராந்திரக் கேள்வியும் தவறாமல் போகிறது. எங்கள் புது லிஃப்டில் விளக்கு பளிச்சென்று எரிகிறது. மணியை அழுத்தினால் கோலாலம்பூரில் இருந்து ஒரு பெண் எந்த மொழி வேண்டும் என்று கேட்கிறாள். அது நின்றதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஏழாவது மாடி வரும்போது நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு நின்றுவிடாதா என்று இருக்கிறது.